தகடு, தடிமன், பிரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர், ஓசூர், கோவை என்று பிரஸ் ஷாப்புகள் நிறைந்த ஊர்களில், டிப்ளமோ முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகளும் டிராயிங் போடும் டிசைனர்களும் முதல்முறை ஆர்டர் கொடுக்க வருபவர்களும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றில் முக்கால்வாசி, சுற்றிச் சுற்றித் தகட்டின் தடிமனில் வந்து நிற்கின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இங்கே வரும் எண்கள் தொடக்கக் கணக்குக்கு. டூல் வெட்டும் முன் உங்கள் தகட்டின் டெஸ்ட் சர்டிபிகேட்டை வைத்து மறுபடி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஸ்டாம்பிங், பிரஸ் ஒர்க், பிளாங்கிங், பியர்சிங்... எல்லாம் ஒண்ணுதானா?

ஸ்டாம்பிங், பிரஸ் ஒர்க் இரண்டும் ஒன்றுதான். தகட்டைப் பஞ்ச்சுக்கும் (பொதுவாக மேலிருந்து இறங்கி அழுத்தும் டூல்) டைக்கும் (அதற்கு ஈடாகக் கீழே இருக்கும் அச்சு) நடுவில் வைத்து, பிரஸ்ஸின் விசையால் வெட்டுவது அல்லது வடிவம் கொடுப்பது. மற்றவை அதற்குள் அடங்கும் வேலைகள். வெட்டி விழும் துண்டு நமக்கு வேண்டும் என்றால் பிளாங்கிங். விழும் துண்டு ஸ்கிராப், தகட்டில் மிஞ்சும் ஓட்டைதான் வேண்டும் என்றால் பியர்சிங். மடித்தால் பெண்டிங், கிண்ணம் போல இழுத்தால் டிரா.

டூல் வகையையும் இதோடு தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அடியில் ஒரே இடத்தில் ஓட்டையும் வெளிவடிவமும் வெட்டினால் காம்பவுண்ட் டூல். பட்டைத் தகடு ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி நகர்ந்து, முதல் நிலையில் ஓட்டை, அடுத்ததில் மடிப்பு, கடைசியில் வெட்டு என்று போனால் புரோகிரசிவ் டூல்.

2. எந்தத் தடிமன் வரைக்கும் ஷீட்? எதுக்கு மேல பிளேட்?

பேச்சு வழக்கில் 6 மி.மீ. வரை ஷீட், அதற்கு மேல் பிளேட். பிரஸ் ஷாப் வேலையில் பெரும்பகுதி 0.5 முதல் 4 மி.மீ.க்குள் முடிந்துவிடும். சி.ஆர். எனப்படும் குளிர்நிலையில் உருட்டிய தகடு மெல்லிய அளவுகளில், வழவழப்பான பரப்போடு, நெருக்கமான டாலரன்சில், அதாவது அனுமதிக்கும் அளவு வித்தியாசம் குறைவாக, வரும். அதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 513. எச்.ஆர். எனப்படும் சூட்டில் உருட்டிய தகடு பெரும்பாலும் 1.6 மி.மீ.க்கு மேல்தான் கிடைக்கும், அதற்கு ஐ.எஸ். 1079. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டுக்கு ஐ.எஸ். 277.

3. 18 கேஜ்னா எத்தனை எம்.எம்.?

நம் ஊரில் கேஜ் என்றால் பொதுவாகப் பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அளவு. அதன்படி 16 கேஜ் 1.63 மி.மீ., 18 கேஜ் 1.22, 20 கேஜ் 0.91, 22 கேஜ் 0.71. எண் ஏற ஏறத் தகடு மெலிகிறது. புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான்.

அமெரிக்க டிராயிங் வந்தால் ஜாக்கிரதை. அங்கே எஃகுத் தகட்டுக்கு வேறு கேஜ் அட்டவணை. 16 கேஜ் என்றால் 1.52 மி.மீ. அலுமினியத்துக்கு அங்கே இன்னொரு அட்டவணை. அதில் 16 கேஜ் 1.29 மி.மீ.தான். ஒரே எண்ணுக்கு மூன்று தடிமன். அதனால் கேஜ் மட்டும் எழுதிய டிராயிங்கை வாங்கவே கூடாது என்பது என் கட்சி. மி.மீ.யில் எழுதித் தரச் சொல்லுங்கள்; கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

4. டிராயிங்ல 1.2, மைக்ரோமீட்டர்ல 1.15 காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

பெரும்பாலும் இல்லை. தகடு உருட்டப்பட்டு வருவது. எந்த ஆலையும் 1.200 என்று அச்சடித்தாற்போல் கொடுக்க முடியாது. 1.2 தகட்டில் 0.05 மி.மீ. குறைவது சாதாரண டாலரன்சுக்குள்தான். ஒரே காயிலில், அதாவது ஒரே சுருளாக வரும் தகட்டில்கூட, நடுப்பகுதி கொஞ்சம் தடிமனாகவும் ஓரம் மெலிந்தும் இருக்கும். அதனால் விளிம்பிலேயே மைக்ரோமீட்டரை வைக்காதீர்கள். ஓரத்திலிருந்து 40 மி.மீ.யாவது உள்ளே தள்ளி அளக்க வேண்டும். வெட்டிய துண்டை அளந்தால் முதலில் பர்ரை, அதாவது வெட்டிய ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை, ஃபைல் போட்டு எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பர்ரும் சேர்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும்.

எடை போட்டும் பார்க்கலாம். எஃகு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. 8க்கு 4 அடி ஷீட் சுமார் 2.98 சதுர மீட்டர், 1.2 மி.மீ. என்றால் 28 கிலோ வர வேண்டும். இந்தக் கணக்குக்குப் பணத்திலும் இடமுண்டு. நாம் தகட்டை வாங்குவது எடைக்கு, பார்ட்டை விற்பது எண்ணிக்கைக்கு. 1.2 கேட்ட இடத்தில் 1.25 வந்தால் டாலரன்சுக்குள்தான் இருக்கிறது, ஆனால் பார்ட் ஒவ்வொன்றுக்கும் 4 சதவீதம் எஃகு கூடுதலாகப் போகிறது. பெரிய ஆர்டரில் லாபம் கரையும் இடங்களில் இதுவும் ஒன்று. கொட்டேஷன் போடும்போது பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

5. ஜி.ஐ. ஷீட் 1 எம்.எம்.னா பூச்சு சேர்த்தா, சேர்க்காமலா?

வாங்கும்போதே கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டிய கேள்வி இது. 120 ஜி.எஸ்.எம். என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம். தடிமனாக மாற்றினால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான். 275 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான். இரு பக்கமும் சேர்த்து கிட்டத்தட்ட 0.04 மி.மீ.

வலிமை கொடுப்பது உள்ளே இருக்கும் எஃகுதான். 1 மி.மீ. தகட்டில் 0.04 பெரிதாகத் தெரியாது. 0.5 மி.மீ. தகட்டில் அது 8 சதவீதம்.

6. பஞ்ச்சுக்கும் டைக்கும் கிளியரன்ஸ் எவ்வளவு விடணும்?

பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவில் விடும் இடைவெளிதான் கிளியரன்ஸ். இது தடிமனின் சதவீதமாகத்தான் சொல்லப்படும். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டுக்கு ஒரு பக்கத்துக்குத் தடிமனில் 6 முதல் 10 சதவீதம். மென்மையான அலுமினியத்துக்கு 5 சதவீதத்தை ஒட்டி. எஸ்.எஸ்.ஸுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 10 அல்லது அதற்குச் சற்று மேல். அதிவலிமை எஃகுக்கு இன்னும் அதிகம். பழைய ஆட்கள் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் என்பார்கள். ஓரம் சுத்தமாக வரும், உண்மைதான். ஆனால் பஞ்ச் சீக்கிரம் மழுங்கும், தகட்டிலிருந்து அதை உருவி எடுக்கவும் அதிக விசை வேண்டும்.

சண்டை வரும் இடம் 'ஒரு பக்கத்துக்கு' என்ற சொல்லில்தான். ஒருவர் 10 சதவீதம் என்று மொத்தத்தைச் சொல்வார், கேட்பவர் ஒரு பக்கம் என்று எடுத்துக்கொள்வார். டூல் ரூமுக்குக் கொடுக்கும் தாளில் 'ஒரு பக்கத்துக்கு 0.16 மி.மீ.' என்று அளவாகவே எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

வெட்டிய ஓரத்தைப் பார்த்தே கிளியரன்ஸைச் சொல்லலாம். மேலே லேசாக உருண்ட விளிம்பு, அடுத்து பளபளவென்று ஒரு பட்டை, அதன் கீழே சொரசொரப்பாக உடைந்த பகுதி, கடைசியில் பர். எம்.எஸ். தகட்டில் பளபளப்புப் பட்டை தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் நல்லது. நடுவில் இரண்டாவதாக ஒரு பளபளப்புப் பட்டை தெரிந்தால் கிளியரன்ஸ் குறைவு. விளிம்பு அதிகமாக உருண்டு, பர் தடித்துக் கிடந்தால் கிளியரன்ஸ் அதிகம். பூதக்கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் நாலு ஓரத்தைப் பாருங்கள். எந்த அட்டவணையும் சொல்லாததை அந்த ஓரம் சொல்லிவிடும்.

7. 20 எம்.எம். ஓட்டைக்குப் பஞ்ச்சை 20ல செய்யணுமா, டையை 20ல செய்யணுமா?

ஓட்டையின் அளவைத் தீர்மானிப்பது பஞ்ச். வெட்டி விழும் துண்டின் அளவைத் தீர்மானிப்பது டை. தகடு 2 மி.மீ., கிளியரன்ஸ் 8 சதவீதம் என்றால் ஒரு பக்கம் 0.16, விட்டத்தில் 0.32. 20 மி.மீ. ஓட்டை வேண்டுமானால் பஞ்ச் 20, டை 20.32. 20 மி.மீ. வில்லை வேண்டுமானால் டை 20, பஞ்ச் 19.68.

தேய்மானத்தையும் சேர்த்து யோசியுங்கள். பஞ்ச் தேய்ந்தால் ஓட்டை சிறுக்கும். டை தேய்ந்தால் வில்லை பெருக்கும். அதனால் ஓட்டைப் பஞ்ச்சை டாலரன்ஸின் மேல் எல்லையை ஒட்டியும், பிளாங்கிங் டையைக் கீழ் எல்லையை ஒட்டியும் செய்வது வழக்கம். டூலுக்கு ஆயுள் கூடும்.

8. பர் எவ்வளவு வரைக்கும் ஓ.கே.? அது எந்தப் பக்கம் வரும்?

டிராயிங்கில் தனியாகச் சொல்லாவிட்டால் தடிமனில் 10 சதவீதம் வரை என்பது பரவலான நடைமுறை. 1 மி.மீ. தகட்டுக்கு 0.1. கையை அறுக்கும் இடம், ஒயர் உரசும் இடம் என்றால் அதுவே அதிகம். வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஓட்டையின் பர் டை பக்கம் நிற்கும். வெட்டி விழும் துண்டின் பர் பஞ்ச் பக்கம் நிற்கும். ஆகவே புரோகிரசிவ் டூலில் ஓட்டையை மேலிருந்து குத்தி, கடைசியில் பார்ட்டையும் மேலிருந்து வெட்டிக் கீழே தள்ளினால், ஓட்டையின் பர் ஒரு பக்கமும் வெளிவடிவத்தின் பர் எதிர்ப் பக்கமும் வரும். காம்பவுண்ட் டூலில் இரண்டும் ஒரே பக்கம். வாஷர் போன்ற பார்ட்டுக்கு இது பெரிய வித்தியாசம். டூல் வகையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பர் எந்தப் பக்கம் இருக்கலாம் என்று கேட்டுவிட வேண்டும்.

9. எத்தனை டன் பிரஸ் வேணும்னு எப்படிக் கணக்குப் போடறது?

வெட்டும் நீளம் × தடிமன் × தகட்டின் வெட்டு வலிமை. அவ்வளவுதான். வெட்டு வலிமை தெரியாவிட்டால் இழுவிசை வலிமையில் 80 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2 மி.மீ. எம்.எஸ். தகட்டில் 50 மி.மீ. விட்ட ஓட்டை. சுற்றளவு 157 மி.மீ. வெட்டு வலிமையைச் சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன் என்று வைத்தால், 157 × 2 × 350 = சுமார் 1,10,000 நியூட்டன். அதாவது 11 டன்னுக்குச் சற்று மேல். பஞ்ச்சிலிருந்து தகட்டைக் கழற்றிவிடும் ஸ்ட்ரிப்பருக்கு 10 முதல் 20 சதவீதம், பஞ்ச் மழுங்கும்போது கூடும் விசைக்குக் கொஞ்சம் என்று சேர்த்து 15 டன்னாவது கணக்கில் வையுங்கள். தடிமன் இரட்டித்தால் டன்னும் இரட்டிக்கும்.

கையில் இருக்கும் பிரஸ் போதாது என்றால் பஞ்ச் முகத்தைச் சாய்த்து வெட்டலாம். தடிமன் அளவுக்குச் சாய்வு கொடுத்தால் விசை கணிசமாகக் குறையும். ஓட்டைக்குச் சாய்வைப் பஞ்ச்சில் கொடுங்கள், வில்லைக்கு டையில் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் நமக்கு வேண்டிய பார்ட் வளைந்து வரும். பல பஞ்ச் இருக்கும் டூலில் சிலவற்றை ஒரு தடிமன் அளவு குட்டையாக வைப்பதும் நல்ல வழி.

10. கணக்குப்படி 60 டன்தான் வருது, 100 டன் பிரஸ். ஆனாலும் டிரா அடிக்கும்போது பிரஸ் திணறுது. ஏன்?

கிராங்க் பிரஸ்ஸில் 100 டன் என்பது அடி முடியும் இடத்துக்குச் சில மி.மீ. மேலேயிருந்துதான் கிடைக்கும். அந்த உயரம் பிரஸ்ஸின் கையேட்டில் இருக்கும். 150 மி.மீ. ஸ்ட்ரோக் (மேலிருந்து கீழே இறங்கும் மொத்தத் தூரம்), 6 மி.மீ. உயரத்தில் 100 டன் என்று ஒரு பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடி முடிய 40 மி.மீ. இருக்கும்போது அது தாங்கும் விசை ஏறக்குறைய 44 டன்தான். ஸ்ட்ரோக்கின் நடுவில் 40 டன்னுக்கும் கீழே.

2 மி.மீ. தகட்டை வெட்டும் வேலை கடைசி 2 மி.மீ.யில் முடிந்துவிடுவதால் அதில் இந்தச் சிக்கல் தெரியாது. 40 மி.மீ. ஆழக் கிண்ணம் இழுக்கும்போது வேலை 40 மி.மீ. உயரத்திலேயே தொடங்குகிறது. அங்கே 60 டன் கேட்டால் கிளட்ச் வழுக்கும், கியர் அடிபடும். ஆழ டிராவுக்கு ஹைட்ராலிக் பிரஸ்ஸை விரும்புவதற்குக் காரணம் அது ஸ்ட்ரோக் முழுக்க முழு டன்னைக் கொடுக்கும் என்பது.

11. எங்க பிரஸ்ல லைட் கர்ட்டன் மாட்டிட்டோம். இனிமே பயமில்லைதானே?

தடிமனோடு சம்பந்தமில்லாத கேள்வி. ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு பிரஸ்ஸைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. முதலில் உங்கள் பிரஸ்ஸின் கிளட்ச் எந்த வகை என்று பாருங்கள். ரோலிங் கீ அல்லது பின் கிளட்ச் என்றால், ஒருமுறை பெடலை மிதித்த பிறகு ராம் (டூலைத் தாங்கி மேலும் கீழும் போகும் பகுதி) ஒரு முழுச் சுற்று முடித்துத்தான் நிற்கும். நடுவழியில் நிறுத்தவே முடியாது. லைட் கர்ட்டன் என்பது டூலுக்கு முன்னால் வைக்கும் ஒளிக்கதிர்த் திரை. கை உள்ளே போனதை அது பார்த்துச் சொல்லும். கேட்டு நிற்க அந்தப் பிரஸ்ஸால் ஆகாது. அப்படிப்பட்ட பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் வெறும் அலங்காரம். அது தரும் தைரியம்தான் ஆபத்து.

அந்த வகைப் பிரஸ்ஸுக்கு வழி, டூலைச் சுற்றி விரல் நுழையாத கூண்டு. தகடு நுழையும் இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. சின்ன பார்ட்டைக் கையால் வைத்து எடுக்க வேண்டியிருந்தால், டைக்கு வெளியே இழுத்து லோடு செய்யும் ஸ்லைடு போடுங்கள். பெடலை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன் வைத்தால், ராம் இறங்கி முடிவதற்குள் கை எட்டாத தூரத்தில் அது இருக்க வேண்டும். கீ உடைந்தால் ராம் தானாக இரண்டாவது அடி அடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஏர் கிளட்ச் அல்லது ஹைட்ராலிக் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் வேலை செய்யும், ஆனால் தூரம் சரியாக இருக்க வேண்டும். கை ஒரு வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாயும் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். ராம் நிற்க 0.2 வினாடி எடுத்தால் கர்ட்டன் டூலிலிருந்து 400 மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும். ஆகவே ஒருமுறை அளந்துவிட்டு விட்டுவிடாமல் மறுபடி மறுபடி அளக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு வேலி போடுவதை முதலாளியின் கடமையாக வைத்திருந்தது. புதுப் பையனிடம் 'பாத்து பண்ணுப்பா' என்று சொல்வது வேலி ஆகாது.

12. 3 எம்.எம். தகட்டுல 2 எம்.எம். ஓட்டை குத்தலாமா?

சாதாரண டூலில் வேண்டாம். எம்.எஸ்.ஸுக்கு ஓட்டையின் விட்டம் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும், எஸ்.எஸ்.ஸுக்கு ஒன்றரை மடங்காவது வையுங்கள். காரணம் 9ஆம் கேள்வியின் கணக்கிலேயே இருக்கிறது. விட்டம் சிறுக்கும்போது வெட்டு விசை விட்டத்தோடு குறைகிறது, ஆனால் பஞ்ச்சின் குறுக்குப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. ஒரு கட்டத்தில் தகடு வெட்டுப்படும் முன் பஞ்ச் வளைந்து ஒடியும். ஸ்ட்ரிப்பர் கடைசிவரை பஞ்ச்சைப் பிடித்துக்கொண்டு வரும்படி செய்தால் இதைவிடச் சின்ன ஓட்டையும் குத்தலாம். டூல் விலை ஏறும். டிரில் போடுவது மலிவா என்று ஒருமுறை பாருங்கள்.

ஓட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவில் தடிமனைப் போல இரண்டு மடங்கு விடுங்கள். மடிப்புக்கு அருகில் என்றால், மடிப்பின் உள் ஆரத்தோடு தடிமனின் இரண்டு மடங்கைக் கூட்டி அவ்வளவு தள்ளி வையுங்கள். நெருக்கினால் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகிவிடும்.

13. மடிக்கிற இடத்துல வெடிக்குது. தகடு மட்டமா?

தகட்டைக் குறை சொல்லும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில் உள் ஆரம். எம்.எஸ்.ஸுக்கு அது தடிமன் அளவு இருந்தால் நிம்மதி, பாதி வரை குறைக்கலாம். 6061 டி6 அலுமினியத்துக்கு இரண்டு, மூன்று மடங்காவது வேண்டும். 5052 அலுமினியம் அதைவிட நன்றாக மடங்கும். இரண்டாவது, உருட்டிய திசை. தகட்டை உருட்டிய திசைக்குக் குறுக்கே மடிப்புக் கோடு போனால் நன்றாகத் தாங்கும். அதே திசையில் ஓடினால் வெடிக்கும். இரண்டு திசையிலும் மடிப்பு இருக்கிற பார்ட்டை ஸ்ட்ரிப்பில் 45 பாகை சாய்த்து வைப்பார்கள். மூன்றாவது பர். பர் இருக்கும் பக்கம் மடிப்பின் வெளியே போனால், வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அதை உள்பக்கம் வரும்படி திருப்புங்கள். செலவில்லாத வைத்தியம், பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

14. மடிச்ச பிறகு 50க்கு 30 வரணும். தட்டையா எவ்வளவு வெட்டறது?

வெளி அளவு 50, 30, தடிமன் 2, உள் ஆரம் 2, 90 பாகை என்று வைப்போம். ஒவ்வொரு காலிலிருந்தும் ஆரமும் தடிமனும் கழியும்: 46, 26. வளைந்த பகுதியின் நீளம், நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் நடுக்கோட்டில் அளக்கப்படும். அது தடிமனின் சரிபாதியில் இல்லாமல் உள்பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்தப் பங்கைத்தான் கே ஃபேக்டர் என்கிறார்கள். 0.4 என்று எடுத்தால் 1.571 × (2 + 0.8) = 4.4. மொத்தம் 76.4 மி.மீ.

இந்த 0.4 எழுதி வைத்த வேதம் இல்லை. 0.33 முதல் 0.5 வரை தகடு, ஆரம், டூல் பொறுத்து மாறும். உங்கள் தகட்டில் ஒரு துண்டை வெட்டி, மடித்து, அளந்து, உங்கள் கடைக்கான எண்ணைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

15. நேத்து 90 டிகிரி வந்தது, இன்னைக்கு அதே செட்டிங்ல 91.5. டூல் ஆடுதா?

காயில் மாறியதா என்று பாருங்கள். 4ஆம் கேள்வியில் சொன்ன 0.05 மி.மீ. இங்கே வேலையைக் காட்டுகிறது. அழுத்தம் எடுத்ததும் தகடு கொஞ்சம் திரும்பி வருவதுதான் ஸ்பிரிங் பேக். ஆரத்தோடு ஒப்பிடத் தகடு மெலிந்தால் அது கூடும். தகட்டின் ஈல்டு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) கூடினாலும் கூடும். காயில் மாறினால் இரண்டுமே மாறலாம். எஸ்.எஸ். எம்.எஸ்.ஸைவிட அதிகமாகத் திரும்பும்.

டூலில் இரண்டொரு பாகை கூடுதலாக மடிப்பது, அல்லது மடிப்பின் மூலையை அடியில் நசுக்கிப் பதிப்பது வழக்கமான தீர்வுகள். காயில் மாற்றியதும் முதல் பார்ட்டை அளக்காமல் ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

16. 50 எம்.எம். விட்டம், 40 எம்.எம். உயரம். ஒரே டிராவுல எடுக்கலாமா?

முதலில் வில்லையின் விட்டம். பரப்பு மாறாது என்று வைத்தால், விட்டத்தின் வர்க்கம் 2,500, அதோடு 4 × 50 × 40 = 8,000; கூட்டினால் 10,500. வர்க்கமூலம் 102.5 மி.மீ. வாய் ஓரம் சமமாக வராது, டிரிம் செய்யக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். 102.5 / 50 = 2.05. நல்ல டிரா தகட்டுக்கும் 2 என்பது எல்லைக்கோட்டை ஒட்டிய எண். உற்பத்தியில் 1.8ஐ ஒட்டி நிற்பது நல்லது. முதல் டிராவில் 57, அடுத்ததில் 50 என்று இரண்டாகப் பிரியுங்கள்.

தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அடிப்பகுதி ஏறக்குறைய பழைய தடிமனிலேயே இருக்கும். அடி வளையும் மூலைக்குச் சற்று மேலேதான் அதிகம் மெலியும். 10, 15 சதவீதம் சகஜம். வாய் ஓரம் தடிக்கும். அதனால்தான் டிரா டூலில் பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவில் தடிமனைவிட 10 சதவீதம் அதிகம் விடுகிறோம். வேண்டுமென்றே குறைவாக விட்டுச் சுவரைத் தேய்த்து மெலிய வைப்பதும் உண்டு. குளிர்பானக் கேன் அப்படித்தான் வருகிறது: கால் மி.மீ.யைச் சற்றே தாண்டிய அலுமினியத் தகடு, கேன் சுவரில் 0.1 மி.மீ. அளவுக்கு வந்து நிற்கிறது.

17. டிரா கிழியுது. தடிமனைக் கூட்டினா சரியாயிடுமா?

சில நேரம் ஆகும், ஆனால் அது விலை கூடிய வழி. கிழிவது, தகடு டைக்குள் வழுக்கி வர முடியாமல் சுவர் இழுபடுவதால். ஓரத்தைப் பிடிக்கும் விசை அதிகமா, டை ஆரம் தடிமனின் 5 மடங்குக்குக் குறைவா, எண்ணெய் போதவில்லையா என்று வரிசையாகப் பாருங்கள். பிடி விசையைக் குறைத்ததும் ஓரம் சுருங்கி மடிப்பு விழுந்தால், கிழிவதற்கும் சுருங்குவதற்கும் நடுவில் இருக்கிற இடம் ரொம்பக் குறுகல் என்று அர்த்தம். அப்போது தகட்டின் கிரேடை மாற்ற வேண்டும்.

கிரேடில் பார்க்க வேண்டியது ஆர் மதிப்பு. இழுக்கும்போது தகடு அகலத்தில் சுருங்குகிறதா, தடிமனில் மெலிகிறதா என்பதன் விகிதம் அது. 1 என்றால் இரண்டும் சமம். நல்ல ஆழ டிரா எஃகில் 1.5க்கு மேல் இருக்கும். அலுமினியத்தில் 1க்குக் கீழே. கடைகளில் இன்னும் டி (டிராயிங்), டி.டி. (டீப் டிராயிங்), இ.டி.டி. (எக்ஸ்ட்ரா டீப் டிராயிங்) என்றுதான் கேட்பார்கள், புதிய பெயர் சி.ஆர்.2, சி.ஆர்.3, சி.ஆர்.4. 1.2 டி கிரேடில் கிழிவது 1.0 இ.டி.டி.யில் கிழியாமல் வரலாம்.

18. 1 எம்.எம்.க்குப் போட்ட டூல்ல 1.6 ஓட்டலாமா? அவசர ஆர்டர்.

வெட்டு மட்டும் இருக்கும் டூலில் அவசரத்துக்குக் கொஞ்சம் ஓடும். 1 மி.மீ.க்கு விட்ட 0.08 கிளியரன்ஸ் 1.6க்கு 5 சதவீதம்தான். 6ஆம் கேள்வியில் சொன்னதுபோல் பஞ்ச் சீக்கிரம் போகும். டன் 1.6 மடங்கு ஆகும். ஸ்ட்ரிப்பருக்குக் கீழே தகடு நுழைய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மடிப்போ டிராவோ இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். 1 மி.மீ. இடைவெளியில் 1.6 போனால் தகடு நசுங்கும், இல்லையென்றால் டூல் பிளக்கும். தகடு மடிக்கும் இயந்திரமான பிரஸ் பிரேக்கில் அதே வி வடிவ டையில் மடித்தாலும் விசை தடிமனின் வர்க்கமாக ஏறும், 1.6 × 1.6 = 2.56 மடங்கு. வி வாய் தடிமனின் 8 மடங்கு இருக்க வேண்டும் என்ற விதி இதற்குத்தான். எண்ணெய் ஒட்டி இரண்டு ஷீட் சேர்ந்து உள்ளே போனாலும் இதே கதிதான். அதனால் தானியங்கி லைனில் இரட்டை ஷீட்டைக் கண்டுபிடிக்கும் சென்சார் போடுகிறார்கள்.

19. மோட்டார் ஸ்டாம்பிங்கை 0.5ல இருந்து 0.35க்கு மாத்தச் சொல்றாங்க. என்ன லாபம்?

கோவை பம்ப் மோட்டார்க்காரர்கள் அடிக்கடி கேட்பது. மோட்டாரின் இரும்பில் சுழல் மின்னோட்டத்தால் வரும் இழப்பு தடிமனின் வர்க்கத்தோடு குறைகிறது. 0.35ஐ 0.5 ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.49. அந்த இழப்பு பாதியாகிறது. இரும்பிழப்பின் இன்னொரு பங்கான ஹிஸ்டரிசிஸ் இதனால் குறையாது. அதற்குத் தகட்டின் கிரேடு வேண்டும்.

பிரஸ் ஷாப்புக்கு வேலை கூடும். 100 மி.மீ. அடுக்குக்கு 200 தகடு போதுமானது 286 ஆகிறது. 5 சதவீதக் கிளியரன்ஸ் 0.025லிருந்து 0.0175 மி.மீ.க்கு இறங்குகிறது; தலைமுடியின் கனத்தில் கால்வாசி. பிரஸ் ராமில் இருக்கும் ஆட்டமே அதைத் தாண்டிவிடலாம். கைடு பில்லர், பிரஸ், டூல் மூன்றும் இறுக்கமாக இருக்க வேண்டும், பஞ்ச் கார்பைடாக இருப்பது நல்லது. பர் கூடினால் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் இன்சுலேஷன் பூச்சைக் குத்தி இரண்டை இணைத்துவிடும். மெலிந்த தகட்டால் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். பழைய டூலைத் தீட்டி 0.35 ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

20. வலுவான ஸ்டீல் போட்டா 1.2ஐ 1.0 ஆக்கலாம்னு டிசைனர் சொல்றார். சரியா?

உடையாமல் தாங்குவதில் சரி, வளையாமல் நிற்பதில் சரியில்லை. தட்டைத் தகட்டின் விறைப்பு தடிமனின் கனத்தோடு மாறுகிறது, அதாவது தடிமனை மூன்றுமுறை பெருக்கிய அளவில். 1.0ஐ 1.2 ஆல் வகுத்துக் கனம் எடுத்தால் 0.58. விறைப்பு 42 சதவீதம் போய்விடும். எந்த எஃகாக இருந்தாலும் மீள்குணகம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் கிரேடை உயர்த்தி இதை மீட்க முடியாது. பீடு, ரிப், ஓர மடிப்பு என்று வடிவத்தால்தான் மீட்க வேண்டும்.

பிரஸ் பக்கமும் கேளுங்கள். டி.பி. 780 போன்ற அதிவலிமை எஃகில் ஸ்பிரிங் பேக் அதிகம். பிளாங்கிங்கில் தகடு அறுபடும் நொடியில் தேங்கிய விசை விட்டதும் பிரஸ் எதிர்த்திசையில் துள்ளும். பல மெக்கானிக்கல் பிரஸ்கள் அந்த எதிர்விசையைத் தங்கள் டன்னில் 10 சதவீதம் வரைதான் தாங்கும். 9ஆம் கேள்வியின் கணக்கில் டன் சரியாக வந்தாலும், சாய்வு வெட்டு இல்லாமல் ஓட்டினால் பிரஸ் பிரேமில் வெடிப்பு வரலாம்.

இதற்கும் மேல் வலிமை வேண்டும் என்றால் சூட்டு ஸ்டாம்பிங். போரான் கலந்த எஃகைச் சுமார் 900 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, மென்மையாக இருக்கும்போதே அழுத்தி, டைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் வழியாகக் குளிரவைப்பார்கள். வெளியே வரும் பார்ட்டின் வலிமை 1,500 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். கார்களில் இது முதலில் பயன்பட்டது 1984இல், ஸ்வீடனின் சாப் 9000 காரின் கதவுக்குள் வைக்கும் பீமுக்கு. குளிர்ந்த பிறகு ஓட்டையோ ஓரமோ வெட்டப் பஞ்ச் வைத்தால் பஞ்ச் தாக்குப்பிடிப்பது கஷ்டம். பெரும்பாலும் லேசரில்தான் வெட்டுகிறார்கள். ஒரு பார்ட்டின் விலை கேட்கும்போது அந்த லேசர் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.